பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கேளுங்க சங்கதியை. திருப்பூர் பனியன் முதலாளி சென்னியப்பன், கம்பெனி பாஸ்வேர்டு அத்தனையையும் தன் அறைக் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்திருந்தார்.

"பாஸ்வேர்டைப் பாதுகாக்கறதுக்கே வெளியில கம்பெனி இருக்குதுங்க. அங்க வைக்கலாமுங்க" என்றாள் ஆபீஸுக்குப் புதுசாக வந்த சுகந்தி.

"அடுத்தவன் வீட்டுலயா? ஆயுதபூஜை முடியறதுக்குள்ள என் வாயாலயே சரின்னு சொல்ல வை. இல்லீன்னா வேலையை விட்டுப் போ!"

ஆயுதபூஜையும் வந்தது. "விடியற வரைக்கும் ஒரு மெஷினையும் ஓட்டக்கூடாது!" என்று உத்தரவு போட்டார் முதலாளி.

"உங்க கம்ப்யூட்டரும் மெஷின்தானுங்களே?" என்றாள் சுகந்தி.

ஊழியர்கள் எல்லோரும் பார்க்க, முதலாளியே அதை அணைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

சாயங்காலம் பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர் போன் செய்தார். இன்றைக்கே முதலாளியின் சம்மதம் மெயிலில் வந்தால்தான் ஆர்டராம். மெயில் பாஸ்வேர்டோ பொட்டு வைத்த பெட்டிக்குள்!

"வெளிக் கம்பெனியில வச்சிருந்தா செல்போன்லயே எடுத்திருக்கலாமுங்க. அங்க இன்னைக்கும் முழிச்சுத்தான் இருப்பாங்க" என்றாள் சுகந்தி.

முதலாளி சாமிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டினார். "சரி அம்மணி, நாளைக்கே அங்க மாத்திப்போடு!"