வாய்க்குள் முப்பத்திரண்டு சன்னல்

முன்னொரு காலத்தில், கம்ப்யூட்டர் என்ற பேச்சே பிறக்காத நாளில், ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் எங்கள் ஊரைத்தான் சொல்கிறாய் என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

அந்த நாட்டு அரண்மனைக்கு எதிரே, எல்லையில் ஒரு மலை. மலைமேல் நீளமாக ஒரு சுவர். சுவரில் வரிசையாக முப்பத்திரண்டு சன்னல். மலைக்காவலர்கள் சிலவற்றைத் திறந்து சிலவற்றை மூடி வைப்பார்கள். எது திறப்பு, எது மூடல் என்பதுதான் சேதி. அரண்மனை மாடியில் விருமன் என்பவன் நின்று, "திறப்பு, மூடல், மூடல், திறப்பு" என்று கடைசிச் சன்னல் வரை கத்துவான். எழுத்தர்களுக்குத் தலைவரான ஓலைநாயகம் அழகப்பிரான் அதை எழுதி, பழைய ஏட்டில் பொருள் பார்த்து ராஜாவிடம் சொல்வார். விருமனுக்கு முன்பிருந்தே, முப்பது வருஷமாக இந்தக் கத்தல்தான்.

ஒரு நாள் மலையிலிருந்து, "ராஜாவின் மாமனார் வருகிறார், விருந்து தயார் செய்க" என்று சேதி வந்தது. விருமன் நடுவில் ஒரு சன்னலை விட்டுவிட்டான். சேதி, "எதிரிப் படை வருகிறது" என்று ஆகிவிட்டது. கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். மாமனார் பலாப்பழக் கூடைகளோடு அரை நாள் வெயிலில் நின்றார். உள்ளே விட்ட பிறகு சோற்றைத் தொடவில்லை. மருமகன் முகத்தையும் பார்க்கவில்லை.

ராஜாவுக்கு எதிரியிடம் பயம் கிடையாது. மாமனாரிடம் உண்டு.

"மூன்று நாளில் விருமன் பெண்டு பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும்" என்று உத்தரவு போட்டார்.

விருமன் நேரே அரண்மனை விகடன் மாசாத்தனிடம் ஓடினான்.

"ஐயா, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மலைமேல மேயுற ஆட்டுல எது கிடா எது பொட்டைன்னு சொல்லுவேன். ஆனா ஒரே மாதிரி முப்பத்திரண்டு சன்னல்! பாதியில எங்க விட்டோம்னு தெரிய மாட்டேங்குது. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவளைக் கூட்டிக்கிட்டு எந்தக் காட்டுக்குப் போவேன்?"

மாசாத்தன் சபைக்குப் போனான்.

"மகாராஜா, குற்றம் இவன் கண்ணில் இல்லை. அந்த நீளத்தில் இருக்கிறது. யார் எண்ணினாலும் தடுமாறத்தான் செய்வார்கள்."

அழகப்பிரானுக்குச் சுருக்கென்றது. ராஜா விகடனைப் பக்கத்தில் உட்காரவைப்பது அவருக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"மகாராஜா, விகடருக்கு வாயில் முப்பத்திரண்டு பல் இருக்கிறது. பல்லுக்கு ஒரு சன்னலாக வாயில் அடக்கிக்கொண்டு வரட்டுமே! ஓலை கூடாது, எழுத்தாணி கூடாது. மாடியில் பார்த்துவிட்டுச் சபைக்கு நடந்து வந்து, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நானும் மாடியில் நின்று என் கையாலேயே ஓலையில் எழுதி வருகிறேன். ஒத்துப் பார்ப்போம்."

ராஜாவுக்கு அந்த யோசனை இனித்தது.

"ஆகட்டும். மூன்றாம் நாள் சோதனை. மாசாத்தா, வென்றால் விருமன் இங்கேயே இருப்பான். தோற்றால் அவன் மூட்டையைச் சுமந்துகொண்டு நீயும் போ."

மாசாத்தன் விருமனோடு மாடிக்கு ஏறினான். இடது கையை மலைப்பக்கம் நீட்டி, உள்ளங்கை தன்னைப் பார்க்க நாலு விரலை விரித்துப் பிடித்தான். ஒரு விரல் நுனிக்கு மேலே ஒரு சன்னல் சரியாக நின்றது.

"விருமா, மளிகைக்கடையில் ஒரு பலம், இரண்டு பலம், நாலு பலம், எட்டுப் பலம் என்று நாலு படிக்கல் இருந்தால் எவ்வளவு நிறுக்கலாம்?"

"ஒண்ணுலேருந்து பதினஞ்சு பலம் வரைக்கும் எதுவும் நிறுக்கலாம். கல்லே வைக்கலேன்னா சுழி."

"அவ்வளவுதான். சுண்டுவிரல் ஒன்று, மோதிரவிரல் இரண்டு, நடுவிரல் நாலு, ஆள்காட்டிவிரல் எட்டு. எந்த விரலுக்கு மேலே சன்னல் திறந்திருக்கிறதோ, அந்தக் கல்லைத் தட்டில் போடு. நாலு சன்னலும் ஒரே எண்ணாகிவிடும். அப்புறம் கையை நகர்த்து. எட்டுத் தடவையில் சுவர் முடிந்தது."

விருமன் செய்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது.

"ஐயா, இங்க பத்து வருது, அடுத்தது மூணு. 'பத்து மூணு'ன்னு சொன்னா, கீழ ஒருத்தர் ஒண்ணு, சுழி, மூணுன்னு மூணு குறி போடுவாரே?"

"நல்ல கேள்வி. எட்டுக் கூட்டத்துக்கு எட்டுக் குறிதான் வர வேண்டும். சுழியிலிருந்து ஒன்பது வரை ஒற்றைக் குறி இருக்கிறது. பத்திலிருந்து பதினைந்து வரை ஆறு குறி நாமே வைத்துக்கொள்வோம். நாக்குக்குத் தெரிந்த சுவை எத்தனை?"

"ஆறு!"

"பத்து இனிப்பு. பதினொன்று புளி. பன்னிரண்டு உப்பு. பதின்மூன்று காரம். பதினான்கு துவர்ப்பு. நாலு சன்னலும் திறந்திருந்தால் பதினைந்து. அது கசப்பு."

மூன்றாம் நாள் காலை மலைக்காவலர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சன்னல்களைத் திறந்து வைத்தார்கள். மாடியில் அழகப்பிரான் முணுமுணுத்துக்கொண்டே ஓலையில் எழுதினார். மாசாத்தன் எட்டு முறை கையை நகர்த்தினான். வாயை இறுக மூடிக்கொண்டு படியிறங்கினான்.

அழகப்பிரான் விடவில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு நடந்தார்.

"என்ன விகடரே, வீட்டில் சௌக்கியமா? உங்கள் மச்சினருக்கு எத்தனை பிள்ளைகள்? ஐந்தா, ஆறா? இந்தப் படி மொத்தம் எத்தனை என்று எண்ணியதுண்டா?"

மாசாத்தன் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். சபையில் ராஜா முன் நின்று வாயைத் திறந்தான்.

"ஏழு, புளி, மூன்று, கசப்பு, சுழி, ஒன்பது, இனிப்பு, நாலு."

சபை கொல்லென்று சிரித்தது.

"சமையற்கட்டுக்குப் போக வேண்டியவர் வழி தவறி இங்கே வந்துவிட்டார்!" என்றார் அழகப்பிரான்.

"முப்பத்திரண்டு கேட்டேன். எட்டுதானே சொன்னாய்?" என்றார் ராஜா.

"ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு சன்னல் உட்கார்ந்திருக்கிறது, மகாராஜா." மாசாத்தன் விரல் கணக்கைச் சொன்னான். "ஏழு என்றால் நாலும் இரண்டும் ஒன்றும். எட்டு மட்டும் இல்லை. ஆகவே மூடல், திறப்பு, திறப்பு, திறப்பு."

அழகப்பிரான் ஓலையைப் பார்த்தார். சரியாக இருந்தது. புளியும் சரி, மூன்றும் சரி. நாலாவதில் நிறுத்தினார்.

"கசப்பு என்றால் நாலும் திறப்பு. ஓலையில் திறப்பு, திறப்பு, திறப்பு, மூடல்! விகடர் தோற்றார்!"

வாசலில் நின்ற விருமன் மூட்டையைத் தோளில் போட்டான்.

"கீழே வை" என்றான் மாசாத்தன். "மகாராஜா, அந்த ஓலையில் மொத்தம் எத்தனை குறி என்று எண்ணச் சொல்லுங்கள்."

எண்ணினார்கள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார்கள். அப்போதும் முப்பத்தொன்றுதான்.

ராஜா எழுந்து தானே மாடிக்குப் போனார். கையை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றின் முடிவில் இரண்டு, கசப்பில் நாலு என்று ஆறு சன்னல் ஒட்டினாற்போல் திறந்திருந்தன. ஓலையில் ஐந்துதான் இருந்தது.

"என் குறி எட்டில் ஒன்று தவறியிருந்தால் ஏழுதான் இருக்கிறது என்று யாருக்கும் உடனே தெரியும்," என்றான் மாசாத்தன். "முப்பத்திரண்டில் ஒன்று விழுந்ததை எழுதியவரே கண்டுபிடிக்கவில்லை. நாட்டிலேயே பெரிய எழுத்தருக்கே இந்தக் கதி. இதற்காக விருமனைக் காட்டுக்கு அனுப்பினால், ஓலைநாயகத்தையும் அல்லவா கூட அனுப்ப வேண்டும்?"

அழகப்பிரான் தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"யாரும் எங்கும் போக வேண்டாம்" என்றார் ராஜா.

இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள்ளும் இதே சன்னல் வேலைதானாம். திறப்பு, மூடல் என்று கோடிக்கணக்கில். அதைக் கையாளுகிறவர்களும் நாலு நாலாகக் கட்டிப் பதினாறு குறியில்தான் படிக்கிறார்களாம். சுவைக்குப் பதில் ஏ, பி, சி, டி, இ, எஃப். திரையில் ஒரு நிறத்துக்கு ஆறு குறி: சிவப்புக்கு இரண்டு, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு இரண்டு. எந்தச் சங்கதி எங்கே வைத்திருக்கிறது என்ற விலாசமும் அதே குறியில்தான். பிளெக்ஸ் பேனர் போடுகிற பையன் சொன்னான். நான் நம்பவில்லை. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நாலு புளியங்கொட்டையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினாறு விதத்துக்கு மேல் வரவில்லை. அந்த மட்டுக்கு நம்பினேன்.

கதைக்கு வருவோம். ராஜா ஏட்டையெல்லாம் புதுக் குறியில் எழுதச் சொன்னார். அப்போது ஒரு கவலை வந்தது.

"மாசாத்தா, மாமனார் வருகைக்கு மட்டும் யாரும் தவறவே முடியாத சேதி வேண்டும்."

"எல்லாச் சன்னலையும் திறந்துவிடச் சொல்லுங்கள், மகாராஜா. குருடனுக்கும் தெரியும். பெரியவருக்கு மரியாதையாகவும் இருக்கும்."

"பேஷ், அப்படியே ஆகட்டும்!" என்று ராஜா உத்தரவில் முத்திரை வைத்தார்.

அடுத்த மாதம் ஒரு நாள் சபை கூடியிருந்தபோது, மாடியிலிருந்து விருமன் குரல் கணீரென்று கேட்டது.

"கசப்பு! கசப்பு! கசப்பு! கசப்பு! கசப்பு! கசப்பு! கசப்பு! கசப்பு!"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு, நாலு, எட்டுப் பலத்தில் வெள்ளியிலே படிக்கல் செய்து மாசாத்தனுக்குக் கொடுத்தார்.

மாமனார் மட்டும், தன் வருகைக்கு மருமகன் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று கடைசிவரை யோசித்துக்கொண்டே சாப்பிட்டாராம்.