பத்துக் குண்டு, இரண்டு அட்டை

துப்பாக்கி வாங்குவதைப் பற்றி இன்னாசிமுத்து கேட்ட கேள்விக்கு கோச் பானு நாலு மாதமாகப் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. பதினைந்து வருஷமாகச் சுடுகிறவர், மாநில அளவில் மெடல் வாங்கியவர். கேட்டால் சிரிப்பார், "சுடுங்க சார்" என்பார், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

இன்னாசிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்பதே முக்கால். பானு இருபத்தொன்பது வயதுப் பெண். குருவைப்போல் இரண்டு மடங்கு வயது தனக்கு என்பதில் சீடனுக்கு வருத்தம் கிடையாது. பதில் வராததில்தான் வருத்தம்.

திருச்சியில் ஒரு டைல்ஸ் கடையின் இரண்டாவது மாடி அது. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சுவர், சுவரோரம் வரிசையாகக் காகித அட்டைகள். அட்டை நடுவில் கறுப்பு வட்டம். காற்றடைத்துச் சுடுகிற ரைஃபிளும் பிஸ்டலும்தான் அங்கே உண்டு. மிளகளவு ஈயக் குண்டு, 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பொழுதுபோக்குக்குச் சுட வருகிறவர்களும் உண்டு, மெடலுக்கு வருகிறவர்களும் உண்டு. இன்னாசிமுத்து இதில் எந்த வகை என்று அவருக்கே தெரியாது.

பொன்மலை ரயில்வே பட்டறையில் அவர் லேத் டர்னர். முப்பத்தாறு வருஷம். முடியைப் பத்தாகப் பிளந்தால் எவ்வளவு வருமோ அந்த அளவுக்குக் கணக்காகக் கடைந்து தருவார். அவர் கையிலிருந்து போன ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகித் திரும்பியதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

மூன்று மாதத்தில் ரிட்டயர்மென்ட். அதை நினைத்தால் அவருக்குப் பயமாக இருந்தது. பக்கத்து மெஷினில் நின்ற தனராஜ் போன வருஷம் ரிட்டயர் ஆனார். எட்டாம் மாதம் பார்க்கப் போனபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது மூணாவது கே.கே.நகர் பஸ்" என்றார் மனிதர். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்காகத் தெருமுனையைப் பார்த்தார். இன்னாசிமுத்துவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதிலிருந்துதான் தேடத் தொடங்கினார். எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கினார். அதில் துண்டு காய்கிறது. கீபோர்டு வாங்கினார், அது கட்டிலுக்கு அடியில். மீன் தொட்டி வாங்கினார். அதைப் பற்றிப் பேசாமலிருப்பது மீன்களுக்குச் செய்கிற மரியாதை. கடைசியாக மனைவி பிலோமினா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு. அறுபதாயிரத்துக்கு மேல ஒரு பைசா கிடையாது. அதுவும் மூலையில போச்சுன்னா, அப்புறம் நீங்களும் நாற்காலியத் தூக்கிட்டு வாசலுக்குப் போக வேண்டியதுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். இன்னாசிமுத்துவுக்கு அது விளையாட்டாக இல்லை.

எனவே அவர் தன் முறையில் இறங்கினார். கோடு போட்ட நோட்டில் இரண்டு பத்தி. ரைஃபிள் ஒரு பக்கம், பிஸ்டல் ஒரு பக்கம். எடை, நீளம், குழாயின் உள்விட்டம், பீரோவில் வைத்துப் பூட்ட இடம். இரண்டாவது வாரம் வீட்டிலிருந்த இரும்புப் பிடியை, அந்த வைஸைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். கிளப் துப்பாக்கிகள் மூன்றையும் ஒவ்வொன்றாக, ரப்பர் சுற்றி, வைஸில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தார். மூன்றுமே ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போட்டன.

"துப்பாக்கி மேல குத்தமே இல்ல கோச்."

"சந்தோஷம் சார். இப்ப வைஸைக் கழட்டிட்டு நீங்க நில்லுங்க."

நோட்டையும் காட்டினார். பானு இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"குண்டு எங்க சார்?"

"எந்தக் குண்டு?"

"துப்பாக்கி ஒரு தடவை வாங்குவீங்க. குண்டு மாசாமாசம். ரைஃபிள்னா முதுகு தாங்க ஜாக்கெட் வேற வேணும். அதெல்லாம் எந்தப் பத்தியில இருக்கு?"

இன்னாசிமுத்து பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார். காது சிவந்துவிட்டது.

"சரி கோச், நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? பிஸ்டல்தான்னு?"

"நான் எங்க முடிவு பண்ணேன்? எனக்கு இடது கை. அன்னிக்கு கிளப்புல இடது கைக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஓட்டைப் பிஸ்டல்."

இது என்ன பதில் என்று இன்னாசிமுத்து வீடு போய்ச் சேரும்வரை யோசித்தார்.

நாலாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அதிர்ஷ்டம் தானாக வந்து கதவைத் தட்டியது. தில்லைநகரில் ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார். ஜெர்மன் ரைஃபிள் ஒன்றைத் தள்ளிவிட்டுப் போகப் பார்க்கிறார். புதிதாக வாங்கினால் அறுபதாயிரத்துக்கு அதன் கட்டையைக்கூடத் தர மாட்டார்கள். இவர் ஜாக்கெட்டையும் சேர்த்து அறுபதாயிரம் என்றார். சுட்டுப் பாருங்கள் என்று கிளப்பிலேயே வைத்துவிட்டும் போனார். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் மதுரையில் இன்னொருத்தர் காத்திருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு இன்னாசிமுத்து வந்துவிட்டார்.

"கோச், இன்னிக்கு நீங்க வாயத் திறந்தே ஆகணும். ரைஃபிளா பிஸ்டலா? எனக்கு இது ஒரு தடவைதான்."

பானு அவர் முகத்தைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு புது அட்டை எடுத்தார்.

"ரைஃபிள்ல பத்து. அப்புறம் கிளப் பிஸ்டல்ல பத்து. அவசரமில்ல. ஒவ்வொண்ணையும் ஸ்டாண்டுல இருக்கிற டெலஸ்கோப்புல பார்த்துட்டு அடுத்தது சுடுங்க."

இன்னாசிமுத்து ஜாக்கெட்டை மாட்டினார். ஜெர்மன் ரைஃபிள் தோளில் போய் உட்கார்ந்த அழகே தனி. இடுப்பெலும்பில் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பத்தையும் சுட்டார். அதிக நேரம் பிடிக்கவில்லை.

பிஸ்டலுக்கு ஜாக்கெட் கிடையாது, ஊன்றுவதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு கையை நீட்டி நிற்க வேண்டியதுதான். நீட்டினார், இறக்கினார். நீட்டினார், சுட்டார், டெலஸ்கோப்பில் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். பத்துக் குண்டு தீர அரைமணி நேரம் ஆனது.

பானு இரண்டு அட்டையையும் மேசையில் வைத்தார்.

ரைஃபிள் அட்டையில் பத்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்கு அடியில் அடங்கின. பிஸ்டல் அட்டையை உள்ளங்கையால் மூடினாலும் இரண்டு ஓட்டை வெளியே எட்டிப் பார்த்தது.

"பார்த்தீங்களா கோச்!" என்றார் இன்னாசிமுத்து. "இதுக்கு மேல என்ன கேள்வி?"

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"என்ன நடந்துச்சுன்னா?"

"ரைஃபிள்ல. முதல் குண்டுலேர்ந்து."

"முதல் குண்டு... நல்லா இருந்துச்சு."

"ரெண்டாவது?"

"அதுவும் நல்லா இருந்துச்சு."

"மூணாவது?"

இன்னாசிமுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு கோச். எது மூணாவதுன்னு எப்படிச் சொல்றது?"

"ஓட்டையக் கேக்கல சார். சுட்டதக் கேக்கறேன்."

"நல்லாத்தான் சுட்டேன்" என்றார். அட்டையைக் கீழே வைத்தார்.

"சரி. பிஸ்டல்?"

"அத விடுங்க கோச். அசிங்கம்."

"அசிங்கத்தையே சொல்லுங்க."

இன்னாசிமுத்து வேண்டாவெறுப்பாக அட்டையை இழுத்துக்கொண்டார். விரலை ஓர் ஓட்டையில் வைத்தார்.

"இது முதலாவது. சுடுற நேரத்துல மணிக்கட்டு மடங்கிருச்சு, அதான் கீழ போச்சு. ரெண்டாவதுல அதச் சரிபண்றேன்னு ரொம்ப இறுக்கினேன். மேல போயிருச்சு பாருங்க. மூணாவது, கீழ லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். ஹாரன் மேல பழியப் போடலாம். ஆனா நிஜத்தச் சொல்லணும்னா, ஹாரனுக்கு முன்னாடியே விரல் ஆடிருச்சு."

"ம்."

"நாலாவது ஒரு கூத்து. குறி இன்னும் நிக்கவே இல்ல. 'போதும், சுட்டுத் தொலை'ன்னு எனக்குள்ளேயே ஒருத்தன் சொன்னான். கேட்டேன். இங்க போயிருச்சு." அட்டையின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். "அஞ்சாவதுல அவன் பேச்சக் கேக்கக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டே நின்னேன். மூச்சு தீந்துபோச்சு. மூச்சு தீந்தா கை என்னா ஆட்டம் ஆடுது கோச்! லேத்துல டூல் நடுங்குற மாதிரி. டூல் நடுங்கினா ஸ்பீடக் குறைப்போம். கைக்கு எதக் குறைக்கிறது?"

இன்னாசிமுத்து பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். வெறும் கையை நீட்டி, மணிக்கட்டை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவதப் பாருங்க" என்றார் திடீரென்று.

ஆறாவது நடு மையத்தில் இருந்தது. பத்துக்குப் பத்து, முழு மார்க்.

"இது எப்படி வந்துச்சு சார்?"

"அதான் தெரியல. ஒண்ணுமே பண்ணல நான். எப்ப சுட்டேன்னே தெரியல, சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது மூணுமே அந்த ஆறாவது மாதிரி சுடணும்னு சுட்டது. ஒண்ணும் வரல. பத்தாவதுல விட்டுட்டேன், பாதி வந்துச்சு. அப்போ அந்த ஆறாவதுல நான் என்ன செய்யல? இல்ல, எதச் செஞ்சேன்?"

பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்தவர் துப்பாக்கியை இறக்கிவிட்டு இவர்களைத் திரும்பிப் பார்த்தார். இன்னாசிமுத்துவுக்கு அப்போதுதான் தன் குரல் கேட்டது. உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம்.

பழைய இன்னாசிமுத்துவாக ஆனார்.

"கோச், நீங்க பதில் சொல்ல மாட்டீங்க. புரிஞ்சு போச்சு. நானே சொல்லிடறேன். முப்பத்தாறு வருஷம் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதில்ல எனக்கு. இந்த வயசுக்கு மேல, வாராவாரம் வந்து நாலு பேர் முன்னாடி ஓரத்துல சுட்டுக்கிட்டு நிக்க முடியாது. எது நல்லா வருதோ அதத்தான் எடுக்கணும். விலையும் இப்படி அமையாது. சரிதானே?"

"பணம் உங்களுது சார்."

"சரியா தப்பான்னு கேக்கறேன்."

"ரைஃபிள் அருமையான ரைஃபிள். அதுல சந்தேகமே இல்ல."

இதற்கு மேல் இந்தப் பெண்ணிடமிருந்து பதில் பெயராது என்று இன்னாசிமுத்துவுக்குத் தெரியும். மனசு லேசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜாக்கெட்டை மடித்து ரைஃபிளோடு வைத்தார். கீழே போய் தில்லைநகர்க்காரருக்குப் போன் போட வேண்டும். உள்ளே சிக்னல் கிடைக்காது. வண்டிச் சாவியை எடுத்தார், கண்ணாடியை எடுத்தார், "வர்றேன் கோச்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடக்கும்போதே வலது மணிக்கட்டு ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது. ஆறாவதற்கு முன்னால் மூச்சை விட்டோமா, இழுத்தோமா என்று பார்த்தார். விட்ட மாதிரிதான் இருந்தது. அப்படியானால் ஏழாவதிலும் விட்டோமே?

முதல் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து பானுவின் குரல் வந்தது.

"சார், ரைஃபிள் அட்டைய மேசையிலேயே விட்டுட்டுப் போறீங்களே."

இன்னாசிமுத்து தன் இடது கையைப் பார்த்தார். பிஸ்டல் அட்டை அதில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கு நினைவில்லை. போனை எடுக்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஆறாவது ஓட்டையில் விரலை வைத்தார்.