எழுவாய், மன்னா!

“அந்தச் சொல்லைச் சொன்னவளை ஊரைவிட்டே துரத்த வேண்டும், மன்னா!” என்று குதித்தார் அரசவைப் புலவர் பொற்கோடனார்.

சொன்னவள் உப்பு விற்கும் வெள்ளச்சி. சொன்னது இவ்வளவுதான்: “ராசா அத்துமீறிட்டாரு.”

சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தாழையூரை ஆண்ட கார்மேகவர்மனுக்கு ஒரு கெட்ட பழக்கம். பொழுது சாய்ந்தால் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைவான். அடுப்படியில் உட்கார்ந்து இருப்பதைத் தின்பான். நேற்று வெள்ளச்சியின் கஞ்சிச் சட்டியைக் காலி செய்துவிட்டான். அவள் பட்டினியாகப் படுத்தாள்.

“அத்து என்றால் எல்லை,” என்றார் புலவர். “நாடே மன்னருடையது. அவருக்கு ஏது எல்லை? எல்லை இல்லாதவர் எதை மீறுவார்? ‘அத்துமீறு’ என்ற வினைக்கு மன்னர் எழுவாயாக வர இலக்கணத்தில் இடமே இல்லை!”

“இடமில்லையா? அப்போ என் சட்டிக் கஞ்சியைக் குடிச்சது உங்க இலக்கணமா, சாமி?” என்றாள் வெள்ளச்சி.

சபை சிரித்தது. மன்னனுக்கு முகம் சிவந்தது. “நெடுங்கண்ணரே, நீர் என்ன சொல்கிறீர்?”

“புலவர் சொன்னால் சரிதான். மன்னருக்கு எல்லை கிடையாது,” என்றார் அமைச்சர். “தீர்ப்பைக் காலையில் சொல்லுங்கள்.”

போகிற வழியில் அரண்மனைக் காவலர்களிடமும் அதையே சொன்னார். “மன்னருக்கு எல்லை கிடையாதாம். இனி கதவைச் சாத்தாதீர்கள். எவரையும் தடுக்காதீர்கள்.”

விடிந்தது. “எழுவாய், மன்னா!” என்று யாரோ காதருகே கூவினார்கள். மன்னன் கண் விழித்தால் கால்மாட்டில் ஒரு கழுதை. அவன் நாற்காலியில் ஒருவன் சவரம் செய்துகொண்டிருந்தான். மாடத்தில் அவனுடைய பட்டுப் போர்வையை விரித்து இரண்டு பெண்கள் வற்றல் காயப்போட்டிருந்தார்கள்.

“எவனடா என் அறைக்குள் அத்துமீறி நுழைந்தது?”

கழுதைக்குப் பின்னாலிருந்து அமைச்சர் எட்டிப் பார்த்தார். “எல்லை இல்லாதவர் அறையில் எதை மீறுவது, மன்னா? உங்களுக்கு எல்லை உண்டென்றால் வெள்ளச்சிக்கும் உண்டு. இல்லையென்றால் கழுதை இங்கேயே இருக்கட்டும்.”

மன்னன் புலவரை வரவழைத்துப் பார்த்தான். புலவர் கூரையைப் பார்த்தார். மன்னனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளச்சி ஊரிலேயே இருக்கலாம், அவளுக்கு ஒரு மூட்டை அரிசி. அமைச்சருக்கு முத்துமாலை. புலவருக்கு, வற்றல் காயும்வரை காக்கா விரட்டும் வேலை.

எல்லாரும் போனார்கள். கழுதையும் போனது. அறை பழையபடி பெரிதாகிவிட்டது.

“நெடுங்கண்ணரே, நான் கஞ்சிக்கா போனேன்?” என்றான் மன்னன் மெல்ல. “இங்கே நான் சாப்பிடும்போது சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்! ஒருவர்கூட உட்காருவதில்லை.”

அமைச்சர் சொன்னார்: “வாசலில் நின்று ‘வரலாமா’ என்று கேளுங்கள், மன்னா. கேட்டுவிட்டுப் போனால் அது மீறல் இல்லை.”

“வேண்டாம் என்றுவிட்டால்?”

“அது அவர்கள் உரிமை. திரும்பி வந்துவிடுங்கள்.”

அன்று பொழுது சாய்ந்ததும் மன்னன் வெள்ளச்சி வீட்டு வாசலுக்குப் போனான். கதவு திறந்துதான் கிடந்தது. கருவாடு சுடும் வாசனை. உள்ளே அவள் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். அவள் சாப்பிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, விளக்கை அணைக்கும்வரை அங்கேயே நின்றான்.

கேட்கவில்லை.