பாகற்காய்க் கள்ளும் பாலியூர் ராஜாவும்

பாலியூரை ஆண்ட குன்றவர்மருக்கு எல்லாம் இருந்தது, பொறுமை மட்டும் இல்லை. ஒரு பாட்டை இரண்டு முறை கேட்க மாட்டார். பாட்டு பிடித்திருந்தால் பாடகனுக்குப் பொற்கிழி கொடுத்து அனுப்புவார். அதே பாட்டோடு அவன் திரும்பி வந்தால் வாசல் காவலன்தான் பதில் சொல்வான். இந்தப் புத்தி ஒருநாள் கள்ளுப் பானைக்குள்ளும் இறங்கியது.

அரண்மனைக்கு அரிசிக் கள் வடித்துக் கொடுப்பவள் காரியாத்தாள். முளைகட்டிய நெல்லை வறுத்து, இடித்து, கஞ்சியாக்கி, பானையில் புளிக்கவிட்டு அவள் எடுக்கும் கள்ளுக்கு ஊரே மயங்கும். முடிசூட்டு விழாவன்று அதைக் குடித்த அரசர், தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஓர் ஆணையும் போட்டார்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி புதுக் கள் வேண்டும். இந்தச் சபையில் ஒருமுறை பரிமாறிய கள்ளை மறுமுறை பரிமாறக் கூடாது. பரிமாறுகிறவர் யாராக இருந்தாலும் நாடு கடத்தப்படுவார்."

அதைச் செப்பேட்டில் வெட்டி, சபை வாசலில் மாட்டினார்கள்.

ஏழு வருஷம் போயிற்று. இஞ்சிக் கள் வந்தது. நெல்லிக்காய்க் கள் வந்தது. அப்புறம் தோட்டத்தில் காய்த்ததெல்லாம் பானைக்குள் போனது. வேப்பம்பூக் கள் வந்த அன்று சேனாதிபதி கண்ணில் நீர் மல்க "அற்புதம்" என்றார். பாகற்காய்க் கள்ளுக்குப் புலவர் ஒருவர் வெண்பாவே பாடினார். வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அது நாக்கை எந்தப் பக்கமும் வளைக்கும்.

கடைசியில் அரசருக்கே முகம் சுளித்தது. ஆணையில் கோளாறு இருக்கலாம் என்று எந்த அரசருக்குத் தோன்றியிருக்கிறது? காரியாத்தாளைக் கூப்பிட்டார்.

"வரவர உன் கைப்பக்குவம் கெட்டுவிட்டது. வருகிற பௌர்ணமிக்குப் புதுசாகவும் இருக்க வேண்டும், நான் குடித்ததிலேயே உசத்தியாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் கள்ளுச்சாலை குதிரை லாயமாகிவிடும். நீ வேறு நாடு பார்த்துக்கொள்."

அவள் நேராக அரசவை மூத்தவர் அம்பலத்தாடியாரின் வீட்டுக்குப் போனாள். சபையில் அரசரோடு வாதாடிவிட்டு, தலையோடு வீடு திரும்பக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

"ஐயா, போடறதுக்கு இனி ஒண்ணும் மிச்சமில்லீங்க. சுரைக்காயும் போட்டாச்சு, சுரைக்கொடியும் போட்டாச்சு. இந்த வயசுல எந்த ஊருக்குங்க போவேன்?"

அம்பலத்தாடியார் யோசித்தார். "அதிருக்கட்டும். உன் வீட்டில் நீ என்ன குடிக்கிறாய்?"

அவள் தயங்கினாள். "நானும் எங்க ஊட்டுக்காரரும் இந்தக் கண்றாவியையா குடிப்போம்? முடிசூட்டுக்கு வெச்ச அந்த அரிசிக் கள்ளுதானுங்க. மாசம் ஒரு பானை வெச்சுக்குவேன்."

"ஏழு வருஷமாக அதே கள்ளா?"

"அதேதானுங்க. ஆனா அப்படியே வெக்க மாட்டேன். ஒருக்கா நெல்லைக் கொஞ்சம் முன்னாலயே வறுத்து இறக்குவேன். ஒருக்கா ஒரு நாள் கூடப் புளிக்க விடுவேன். நல்லாயிருந்தா அதைப் புடிச்சுக்குவேன், இல்லைன்னா விட்டுருவேன். போன பானை அடியில தங்கின மண்டியில ஒரு கரண்டி எடுத்துத்தான் அடுத்த பானைக்கு உறை ஊத்தறது. அந்த மண்டி இன்னும் அறுபடலீங்க."

அந்தப் பானையிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொல்லி அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"இதையே கொண்டு வா. கூடவே புதுசாக இரண்டு கள்ளும் வை."

"அது எப்படி இருக்கணுங்க?"

"உன் வழக்கம்போல இருந்தால் போதும்."

"வாசல்ல செப்பேடு இருக்குதுங்களே, ஐயா."

"அதை நான் படித்துக்கொள்கிறேன்."

பௌர்ணமி வந்தது. காரியாத்தாள் ஓரமாக நிற்க, அம்பலத்தாடியார் தாமே முன்வந்து பரிமாறினார். முதல் கிண்ணத்தை வாயில் வைத்த அரசர், கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தார். கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் ஊற்றும்."

அம்பலத்தாடியார் வேறொரு சாடியிலிருந்து ஊற்றினார். அரசரின் முகம் எட்டுக் கோணலானது.

"என்ன இது?"

"கத்தரிக்காய்க் கள், பிரபு. புத்தம் புதுசு."

"எனக்கு முன்னே ஊற்றியதுதான் வேண்டும்."

"அதைப் பரிமாறியாகிவிட்டதே. மறுமுறை பரிமாறினால் நாடு கடத்துவதாகச் செப்பேடு சொல்கிறது. எனக்குத் தூரப் பயணம் ஒத்துக்கொள்ளாது. வெந்தயக்கீரைக் கள் இருக்கிறது, ஒரு வாய் பாருங்கள்."

அரசர் கீரைக் கள்ளைப் பார்த்தார். அந்த முதல் சாடியைப் பார்த்தார்.

"ஆணை போட்டவன் நான்தான். இப்போதே ரத்து செய்கிறேன். ஊற்றும்."

"வாசலில் அது தொங்கும்வரை எனக்குக் கை நடுங்கும், பிரபு."

இரண்டு காவலர்கள் ஓடிப்போய்ச் செப்பேட்டைக் கழற்றி வந்து கீழே வைத்தார்கள். அதன்பிறகுதான் சாடி சாய்ந்தது. அரசர் அந்தக் கிண்ணத்தை மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தார்.

"காரியாத்தா, இப்படி ஒரு புதுக் கள்ளை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய்?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "புதுசு இல்லீங்க மகாராசா. உங்க முடிசூட்டு அன்னிக்கு நீங்க குடிச்சதுதானுங்க. அதையே திரும்பத் திரும்ப வெச்சுத் திருத்திட்டு வந்தேனுங்க."

 அரசரின் கண் செப்பேட்டைத் தேடியது. அது தரையில் கிடந்தது. கோபம் அம்பலத்தாடியார் பக்கம் திரும்பியது.

"நான் புதுசு கேட்டேன். நீர் பழசை ஊற்றி என்னை ஏமாற்றிவிட்டீர். இதில் புதுசு எது, சொல்லும்."

"நீங்கள் கேட்டு வாங்கிய இரண்டாவது கிண்ணம், பிரபு. ஏழு வருஷத்தில் இந்தச் சபையில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை."

அரசர் சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி கூரையைப் பார்த்தார். அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளுச்சாலை காரியாத்தாளுக்கே என்று தீர்ப்பாயிற்று. அம்பலத்தாடியாருக்கும் பரிசு உண்டு. கிடங்கில் தேங்கிக் கிடந்த புதுக் கள் சாடிகள் அத்தனையையும் அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார் அரசர்.