சந்தியாகு என்று கூப்பிட ஆளில்லை

“பேரா அது? தும்மின மாதிரி இருக்கு!”

வந்ததும் வராததுமாகச் சந்தியாகு கத்தினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உப்பளத்தம்மா நிமிரவில்லை. கிழிந்த சாக்கை மடியில் போட்டுக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

உப்பளங்களைத் தாண்டி, உப்பங்கழி கடலில் சேரும் முனையில் அவள் குடிசை. எந்த ஊர்க்காரி, எதற்கு வந்தாள், யாருக்கும் தெரியாது. சந்தியாகுவின் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் மனைவி வியாகுலம் இறந்த பிறகு அவர் போய் நின்ற ஒரே இடம் அதுதான். குடத்தில் நல்ல தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுவார். கேள்வி கேட்பார். பதில் வந்தால் வாங்கிக்கொள்வார், வராவிட்டால் திட்டை வாங்கிக்கொள்வார். சீடன் என்று அவராகச் சொல்லிக்கொண்டதுதான். அவள் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

“யாரு தும்மினது?” என்றாள்.

“என் பேரனுக்கு வைக்கப்போற பேரு, தாயி. ஹைமேயாம். ஹைமே! மவன் கிளாட்வின் கப்பல்ல இருந்து போன்ல சொன்னானாம். மருமவ ஜெனோவா சரின்னாளாம். வார ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். எனக்கு நேத்துத்தான் தெரியும்.”

“அதுக்கு?”

“அதுக்கா? மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு வைக்கணும். எங்க கரையில அதுதான் வழக்கம். நான் உயிரோட குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என்னைத் தாண்டிப் போயி எவன் பேரையோ தூக்கிட்டு வந்திருக்கா!”

“நீரு என்ன செஞ்சீரு?”

“கோயில் உபதேசியாரைப் பாத்துச் சொல்லிட்டேன். அந்தப் பேரைச் சொல்லி என் வீட்டுப் பிள்ளை தலையில ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாதுன்னு. அவகிட்டயும் சொல்லிட்டேன். அந்தப் பேருதான் வேணும்னா பிள்ளையைத் தூக்கிட்டு உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருட்டின்னு.”

ஊசி நின்றது. பிறகு ஓடியது.

“உமக்கு யாரு பேரு வேய்?”

“எங்க அப்பாவைப் பெத்த தாத்தா பேரு.”

“அவரு பேரு என்ன?”

“யாகப்பன்.”

“நீரு சந்தியாகு.”

“ரெண்டும் ஒண்ணுதான் தாயி!”

சந்தியாகு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். தன் பேரைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்குக் கோபம்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

“எபிரேயர் வாயில பொறந்த பேரு. பாலைவனத்துல ஆடு மேய்ச்ச சனம் அது. இரட்டைப் பிள்ளையில ரெண்டாவது, முன்னால பொறந்த அண்ணன் குதிகாலைப் பிடிச்சுக்கிட்டே வெளிய வந்துச்சாம். குதிகாலைப் பிடிச்சவன்னு அவங்க பாஷையில பேரு வச்சாங்க. அதுதான் யாக்கோபு. பள்ளிவாசல் தெருவுல யாகூப்ம்பாங்க. வெள்ளைக்காரன் ஜேம்ஸ்ம்பான். போர்த்துக்கீசுப் பறங்கிக்காரன் புனிதர்ங்கிற பட்டத்தையும் முன்னால சேர்த்து ஒரே மூச்சுல சொன்னான். அது கப்பல்ல வந்து நம்ம கரையில இறங்கிச் சந்தியாகு ஆச்சு. தமிழ்ல சொன்னவங்க யாகப்பன்னாங்க. உலகம் பூரா நடந்த பேரு தாயி!”

“எங்கயும் நிக்கலையாக்கும்?”

“அது எப்பிடி நிக்கும்?”

“உம்மகிட்ட வந்து நின்னுட்டுது போல.”

தள்ளி நின்ற கோபம் திரும்பி வந்து அவர் தோளிலேயே ஏறி உட்கார்ந்தது.

“ஹைமே வேற! கேட்டாலே தெரியலையா?”

“உம்ம ஆத்தா உம்மை எப்பிடிக் கூப்பிட்டா?”

“சந்தியாகுன்னுதான். ஏலே சந்தியாகுன்னு அவ வாசல்ல நின்னு கூப்பிட்டா கடல்ல கேக்கும்.”

“அவ உமக்கு யாகப்பன்னே ஏன் வைக்கலை?”

“எப்பிடி வைக்கிறது? ஆத்தாளுக்கு அவரு மாமனாரு. மாமனார் பேரை மருமவ வாயால சொல்லக்கூடாது. சொன்னா அவரு ஆயுசு குறையும். பெறகு பிள்ளையை எப்பிடி…”

சந்தியாகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ம்,” என்றாள் உப்பளத்தம்மா. நூலைப் பல்லால் கடித்தாள்.

“அது வேற காலம்!” என்று அவர் மணலில் அறைந்தார். “எனக்குச் சந்தியாகுதான் வேணும். அந்தச் சத்தம் வேணும்!”

“எதுக்கு?”

“எதுக்கா? என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட இன்னைக்கு யாரு இருக்கா? ஆத்தா போயாச்சு. கூட்டாளி மிக்கேலு வலையோட கடல்ல போயாச்சு. மவனுக்கு நான் அப்பா. மருமவளுக்கு மாமா. ஊருக்குப் பெரியவரு. உங்களுக்கு வேய்! எவன் வாயிலயும் என் பேரு இல்ல. நான் செத்தா அதுவும் சாவும். அந்தப் பயலுக்காவது வச்சா வீட்டுக்குள்ள நாலு தரம் அந்தச் சத்தம் கேக்கும்னு பாத்தேன். அதையும் பிடுங்கிட்டா!”

வியாகுலம் பேர் சொன்னாளா என்று உப்பளத்தம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் எழுந்தே போயிருப்பார். வியாகுலம் கடைசி மூச்சுவரை அவரை ‘இந்தாங்க’ என்றுதான் கூப்பிட்டாள். கோயிலில் பிரார்த்தனை சொல்லும்போது புனிதர்கள் வரிசையில் சந்தியாகப்பர் வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அடுத்த புனிதர் வந்தபிறகுதான் திறப்பாள். பக்கத்து வரிசைப் பெண்கள் இடித்துச் சிரிப்பார்கள். எதிர்ப்பக்கம் நிற்கிற சந்தியாகுவுக்கு அந்த மூடிய வாயைப் பார்க்க அப்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்து உப்பளத்துப் பாதையில் ஜெனோவா வந்தாள்.

தோளில் பை. இடுப்பில் பிள்ளை. பஸ்ஸுக்குப் போகிற பாதை அதுதான். மாமனாரைக் கண்டதும் பாதையை விட்டு இறங்கி நேராகக் குடிசைக்கு வந்தாள்.

“போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“போ! யாரு பிடிச்சா?”

“இனி வரமாட்டேன். இவனையும் பாக்க முடியாது. இப்பவே நல்லாப் பாத்துக்கிடுங்க.”

பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தது. சந்தியாகு கடலைப் பார்த்தார்.

“பேரை மாத்து, இரு. மாத்தலைன்னா போ. அவ்வளவுதான்.”

ஜெனோவா பையை மணலில் வீசினாள்.

“எதை மாத்தணும்? உங்க பேரைத்தானே வச்சிருக்கோம்!”

“என்ன உளறுத?”

“உங்க மவன் கப்பல்ல இருக்கிற ஆளுகளையெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுக் கேட்டிருக்காரு. எங்க அப்பா பேரை உங்க ஊர்ல எப்பிடிச் சொல்லுவீங்கன்னு. சமையல்காரரு இத்தாலியாம், ஜாக்கோமோன்னாராம். இஞ்சின்ல ஒரு ருஷ்யாக்காரரு, யாக்கவ்னாராம். பிரான்ஸ்காரரு ஜாக். அயர்லாந்துக்காரரு ஷேமஸ். ஸ்பெயின்காரருக்கு ஹைமே. எல்லாத்தையும் போன்ல எனக்குச் சொன்னாரு. நான் ஒவ்வொண்ணா இவன் காதுல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஒண்ணுக்கும் அசையலை. ஹைமேன்னதும் பால் குடிக்கிறதை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்தான். அதுக்குத்தான் வச்சோம்!”

“என் பேரை அப்பிடியே வச்சா என்னட்டி கேடு?”

“எப்பிடிக் கூப்பிடுவேன்? சொல்லுங்க மாமா, எப்பிடிக் கூப்பிடுவேன்? உங்க பேரை நான் சொல்லக்கூடாதுல்லா? பெத்த பிள்ளையை நான் காலத்துக்கும் ‘ஏய்’ன்னா கூப்பிடணும்? கிணத்துப் பக்கம் போனா ‘ஏய்’, பாம்பு வந்தா ‘ஏய்’! ஊர்ல எல்லாரும் எம்பிள்ளை பேரைச் சொல்லுவாங்க, நான் மட்டும் ஊமை மாதிரி நிக்கணும். அப்பிடித்தானே?”

“இதை நேத்தே சொல்லுறதுக்கு என்ன?”

“சொல்ல விட்டீங்களா? பேரைக் கேட்டதும் சோத்துத் தட்டு பறந்துச்சு! மீன்குழம்பு செவுத்துல இன்னும் வழியுது. போயிப் பாருங்க!”

“வாயை மூடுட்டி! மாமனார்கிட்ட பேசுத பேச்சா இது?”

“நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலை!”

சந்தியாகு எழுந்தார். ஜெனோவா பின்வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது. பிள்ளை சூப்புவதை நிறுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

உப்பளத்தம்மா தைத்த சாக்கை உதறினாள்.

“அரைக் கோவம்தான்,” என்றாள்.

“யாரைச் சொல்லுதீங்க?” என்றாள் ஜெனோவா.

“உன்னைத்தான். தட்டைச் சொன்னே. குழம்பைச் சொன்னே. இவ்வளவு கத்தினியே, இந்த ஆளு பேரை மட்டும் வாயில எடுக்கலையே? பயமாக்கும்.”

“எனக்கா பயம்?”

“பெறகு?”

ஜெனோவாவின் முகம் கன்றிச் சிவந்தது. பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு மாமனாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“சந்தியாகு!”

கழியில் நின்ற கொக்குகள் எழுந்தன.

“வேய் சந்தியாகு! உமக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

சந்தியாகுவின் கை ஓங்கியது. ஓங்கிய கை அங்கேயே நின்றது.

ஜெனோவாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. படக்கென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமா… ஐயோ, கோவத்துல…”

“கையை எடு,” என்றார் சந்தியாகு.

அவள் எடுக்கவில்லை.

“வாயில இருந்து கையை எடுட்டிங்கறேன்!” என்று அவர் கத்தினார். குரல் பாதியில் உடைந்தது. “எடுத்துட்டு… இன்னொரு தரம் கூப்பிடு.”