இரவல் வாள் மாப்பிள்ளை

எந்தக் கல்வெட்டிலும் தேடாதீர்கள், கிடைக்காது. ஆனாலும் கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது, கேளுங்கள்! கல்யாணம் ஆகாதவனுக்கு அங்கே முடி கிடையாது. மாப்பிள்ளை போர்முனையில் இருந்தால், அவன் வாளை மணையில் வைப்பார்கள். நாத்தனார் தாலி கட்டுவாள்.

பவளவல்லிக்கு அப்படித்தான் கல்யாணம் நடந்தது. இளவரசன் செங்கோடன் எல்லையில் சண்டையில் இருந்தான். பல்லக்கில் வாள் வந்தது. மேளம் முழங்கியது. வாளுக்குச் சந்தனம் பூசினார்கள், பாருங்கள், மணப்பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை!

"சிரி, சிரி! எனக்கும் வாள்தான் மாப்பிள்ளை" என்றாள் இளவரசனின் சித்தி குழல்வாய்மொழி. "அது யாருடைய வாள் தெரியுமா?" என்று காதில் ஏதோ சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செங்கோடன் ஜெயித்துத் திரும்பினான். கிழ ராஜா காசிக்கு மூட்டை கட்டினார். முடி சூட்டும் நாள் வந்தது. அன்றைக்கென்று குழல்வாய்மொழியின் புருஷன், சித்தப்பா புலிக்குட்டியார் சபையில் எழுந்தார்.

"மணையில் இருந்தது என் வாள்! பையன் என்னிடம் இரவல் வாங்கி அனுப்பினான். வாள் யாருடையதோ, பெண்டாட்டியும் அவனுக்குத்தான். ஆகவே இவன் பிரம்மச்சாரி. முடி எனக்கு!"

செங்கோடன் தலையைச் சொறிந்தான். உண்மைதான். சண்டை போடத் தன் வாள் வேண்டுமே என்று இரவல் வாங்கியிருந்தான், அசடு! பவளவல்லிக்கு இந்த அசடுதான் வேண்டும். பல் போன சித்தப்பா வேண்டவே வேண்டாம்.

அவள் எழுந்தாள். "சின்ன மாமா, வாளுக்குச் சொந்தக்காரர்தான் புருஷனா?"

"ஆமாம்!"

"எல்லாக் கல்யாணத்துக்கும் இதே சட்டமா?"

"ஆமாம், ஆமாம்!"

"பேச்சு மாற மாட்டீர்களே?"

"மாட்டேன், மாட்டேன், மாட்டவே மாட்டேன்!"

பவளவல்லி திரும்பினாள். "சின்ன அத்தை, உங்கள் கல்யாணத்துக்கு வந்தது யார் வாள்?"

குழல்வாய்மொழி இடுப்பில் கை வைத்தாள். "ராஜாவின் வாள்தான்! இவர் வாள் அன்றைக்குச் சாணைக்குப் போயிருந்தது. அப்படியென்றால் முப்பது வருஷமாக நான் பட்டத்து ராணி. எவருக்கோ சோறு ஆக்கிப் போட்டிருக்கிறேன்!"

"ஐயையோ!" என்று கிழ ராஜா காசி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இந்த வயதில் எனக்கு இன்னொரு குடித்தனமா?"

அப்போது புலிக்குட்டியாரின் மூத்த மகன் முன்னால் வந்தான். அவன் செங்கோடனுக்கு மூத்தவன், கல்யாணமும் ஆனவன். அப்பாவின் தோளைத் தொட்டு, வெகு மரியாதையாகச் சொன்னான்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சித்தப்பா. முடி எனக்குத்தானே வர வேண்டும்?"

சபை குலுங்கிச் சிரித்தது. புலிக்குட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற மகன் வாயால் 'சித்தப்பா' என்று கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாமடா! வாள் யாருடையதாய் இருந்தால் என்ன? அனுப்பியவன்தான் மாப்பிள்ளை!" என்று கத்தினார். முடியைத் தன் கையாலேயே எடுத்துச் செங்கோடன் தலையில் வைத்தார். மகன் சிரித்துக்கொண்டே, "சரி, அப்பா" என்றான்.

அடுத்த வேலையாக, பவளவல்லி புருஷனுக்கு இன்னொரு வாள் செய்யச் சொன்னாள்.

ஊருக்குச் சட்டம் சொல்பவர், அது தம் வீட்டுக்கும் பொருந்துமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.