ஐரிஷ் சம்பந்திக்கு நாலு வார்த்தை

தென்காசிக்குக் கிழக்கே, பஸ் நிற்காமல் போகிற ஊர்களில் ஒன்று தெளிவூர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சொல்லைச் சொன்னால் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பொருளை உங்களிடமே விட்டுவிடுவார்கள். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாத ஜனங்கள்.

சுடலையாண்டி அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய ஒரே மகள் பேச்சியம்மாள் நர்ஸ் படிப்பு முடித்து அயர்லாந்துக்குப் போய் ஒன்பது வருஷமாகிவிட்டது. அங்கே ரோரி என்ற பையனைப் பிடித்துப்போய், கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்றாள். போட்டோவில் பையன் சிரித்த முகமாக இருந்தான். சுடலையாண்டிக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான்: கல்யாணம் எங்கே நடக்கும்?

அயர்லாந்தில் நடந்தால் அவரால் போக முடியாது. பாஸ்போர்ட் வேண்டுமென்றால் பிறந்ததற்கு ஆதாரம் கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் அவருடைய அக்காள் மட்டுமே உயிரோடு இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில், அக்காள் பிறந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. இருவரும் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஐப்பசி மாதம் பேச்சி போன் செய்தாள். ரோரியின் அப்பா டோனல் நேரில் வருகிறாராம். ஊரும் மனிதர்களும் அவருக்குப் பிடித்துவிட்டால் தை மாதம் தெளிவூரிலேயே கல்யாணம். பிடிக்காவிட்டால் அங்கேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். டோனல் வயலின் வாசிக்கிறவர். ஐரிஷ் சங்கீதம் என்றால் உயிர். அந்தச் சங்கீதம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது, அதில் யார் பெரிய வித்வான் என்று அப்பாவுக்கும் மகனுக்கும் நாள் தவறாமல் வாக்குவாதம்.

"நீங்க பெருசா ஒன்னும் செய்ய வேண்டாம்ப்பா. ஐரிஷ் சங்கீதத்தைப் பத்தி அவர்கிட்ட நாலு வார்த்தை பேசுங்க. வாக்குவாதம் வந்தா அவர் பக்கம் நில்லுங்க. அவர் வாசிச்சா காது கொடுத்துக் கேளுங்க. அது போதும்."

சுடலையாண்டி மூன்றையும் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு இசக்கியின் டீக்கடைக்குப் போனார். அங்கே இசக்கியைத் தவிர இன்னும் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். ஒருவர் சங்கிலிபூதம். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததால் ஊருக்கே இலக்கணம் சொல்கிறவர். இன்னொருவர் மந்திரமூர்த்தி. ஐம்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். வாலிபத்தில் அவரைப் பெண் பார்க்கப் போகச் சொன்னார்கள். போனார், பார்த்தார், வந்துவிட்டார். அதற்கு மேல் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

முதலில் நாலு வார்த்தை விஷயம் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஐந்தாகிவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாலு பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்றும் முடிவாயிற்று. 'ஐரிஷ் சங்கீதம் நல்லா இருக்கு' என்று இசக்கி மாதிரிக்குச் சொல்லிக் காட்டினார்.

சங்கிலிபூதம் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். "இதை எழுதினா நாலு வார்த்தை. பேசினா 'நல்லாருக்கு'ன்னு ஒட்டிக்கிடும், மூணாயிரும். நாம எழுதப் போறோமா, பேசப் போறோமா வே?"

"பேசத்தான்" என்றார் இசக்கி.

"அப்போ ஒன்னு குறையுது."

டீ இரண்டு தடவை ஆறிப்போன பிறகு வழி பிறந்தது. 'ஐரிஷ்' என்று சுடலையாண்டி சொல்ல வேண்டும். 'சங்கீதம்' என்று இசக்கி. 'பிரமாதம்' என்று சங்கிலிபூதம். நாலாவதற்கு எவ்வளவு தேடியும் வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் மந்திரமூர்த்திக்கு 'ஆமா' கொடுத்தார்கள். அவர் அதை வீணாக்காமல் வைத்திருப்பதாக உறுதி சொன்னார்.

அடுத்தது, பெரிய வித்வான் யார் என்பது. அவர் பக்கம் நிற்பதற்கு முன்னால் நமக்கும் ஒரு அபிப்பிராயம் வேண்டும் அல்லவா? பேச்சி போனில் அனுப்பியிருந்த படத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியம் இருந்தது. வளைந்த மரச்சட்டம், மேலிருந்து கீழாக நிறைய நரம்புகள். ஒரு பெண் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"கயித்துக் கட்டில்லா இது?" என்றார் இசக்கி.

"படுத்தாத்தான் கட்டில். நிமிந்தா வாத்தியம்" என்றார் சங்கிலிபூதம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஐரிஷ் சங்கீதத்தின் இன்றைய நிலை, நிமிர்ந்த நிலை. இது ஒன்று. பெரிய வாத்தியம் வாசிக்கிறவர் பெரிய வித்வான், சின்ன வாத்தியம் வாசிக்கிறவர் சின்ன வித்வான் என்பது இன்னொன்று. அப்படியானால் அந்த வாத்தியத்தை மேடைக்குத் தூக்கி வருகிறவன் யார் என்று மந்திரமூர்த்தி கேட்டார். அவன்தான் எல்லாரிலும் பெரியவன், சங்கீதம் முழுவதையும் தாங்குகிறான் என்று சங்கிலிபூதம் தீர்ப்புச் சொன்னார்.

கக்கத்தில் ஒரு பையை இடுக்கி, முழங்கையால் அமுக்கி வாசிக்கிற வாத்தியமும் அங்கே உண்டு என்று சுடலையாண்டி சொன்னதை மட்டும் யாரும் நம்பவில்லை. இசக்கியின் மாமனார் நாற்பது வருஷமாகப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பஸ்ஸில் போய்வருகிறார். ஒரு நாளும் பாட்டு வந்ததில்லை.

மூன்றாவது விஷயம்தான் எல்லாரையும் கலங்க வைத்தது.

"காது கொடுக்கணும்னா, ஒன்னா ரெண்டா?" என்று கேட்டார் இசக்கி.

"ரெண்டையும் குடுத்துட்டா எதுல கேக்க? ஒன்னைக் குடுத்துட்டு மத்ததுல கேக்கணும். அதான் 'கொடுத்து', 'கேளுங்க'" என்று விளக்கினார் சங்கிலிபூதம்.

சுடலையாண்டி தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் கல்யாணம் கண் முன்னால் நடக்குமென்றால் ஒரு காது போகட்டும் என்றே அவருக்குத் தோன்றியது. ஆனால் மற்ற மூன்று பேருக்கும் மகள் இல்லை. அவர்களிடம் எப்படிக் கேட்பது? அப்போது மந்திரமூர்த்தி, அம்மன் கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் காது விற்பதை நினைவுபடுத்தினார். காதுவலி தீர்ந்தவர்கள் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது அது. அம்மனே வாங்கிக்கொள்கிறாள், சம்பந்தி வாங்கமாட்டாரா? அன்று மாலையே நாலு காது வாங்கி, பழத்தட்டில் வைத்து, துண்டு போட்டு மூடினார்கள்.

டோனல் வருகிற அன்று, வழி காட்டுவதற்காக மந்திரமூர்த்தியை ஊர் முனையில் நிறுத்தியிருந்தார்கள். கார் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "தெளிவூர் இதுதானே?" என்று கேட்டார். மந்திரமூர்த்தியிடம் இருந்தது ஒரே ஒரு 'ஆமா'. அதை டிரைவருக்குச் செலவழித்துவிட்டால் சம்பந்திக்கு என்ன கொடுப்பது? உதட்டை இறுக மூடிக்கொண்டு காரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பயணக் களைப்பில் பின்சீட்டில் டோனல், ரோரி, பேச்சி மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கார் நேராகப் போய்விட்டது. அடுத்த ஊரில் பேச்சி விழித்துப் பார்த்து, திருப்பிக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில் அப்படியே நின்றார்.

டோனல் உயரமான மனிதர், வெள்ளைத் தாடி, கையில் வயலின் பெட்டி. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள்.

"ஐரிஷ்."

"சங்கீதம்."

"பிரமாதம்."

"ஆமா."

அதோடு நிறுத்திக்கொண்டார்கள். டோனல் மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பேச்சி நர்ஸ் வேலையில், வலியில் நோயாளி உளறுவதை டாக்டருக்குப் புரியும்படி சொல்லிப் பழகியவள். தமிழில் வரவேற்பை இப்படிப் பகிர்ந்து சொல்வது பெரிய மரியாதை என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள்.

சற்று நேரத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் வழக்கமான வாக்குவாதம் ஆரம்பித்தது. பேச்சி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். டோனலுக்குப் பெரிய வித்வான் என்றால் அவருடைய குரு மைக்கிதான். சமையலறையில் உட்கார்ந்து வாசித்தே வாழ்ந்து முடிந்தவர், ஒரு ரெக்கார்டுகூடக் கொடுக்கவில்லை. ரோரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. உலகம் சுற்றி வாசிக்கிற இந்தக் காலத்துப் பையன்களைச் சொன்னான். இன்றைக்குப் போல் என்றைக்கும் இத்தனை பிள்ளைகள் கற்றுக்கொண்டதில்லை, ஐரிஷ் சங்கீதம் செழிப்பாக இருக்கிறது என்றான்.

வாக்குவாதம் வந்துவிட்டதால் நாலு பேரும் எழுந்து போய் டோனலின் வலது பக்கம் நின்றார்கள். அவர் திரும்பி உட்கார்ந்தார். வலது பக்கம் இடம் மாறியது. அவர்களும் மாறினார்கள். காற்றுக்காக அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். பின்னாலேயே போய் நின்றார்கள். குளியலறைக்குப் போனபோது மட்டும், கதவு சின்னதாக இருந்ததால், சுடலையாண்டி ஒருவரே உள்ளே போய் நிற்பது என்று தீர்மானித்திருந்தார்கள். நல்லவேளையாக டோனல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் முகத்தில் சோர்வு இருந்தது. கற்றுக்கொள்ள ஆயிரம் பேர் இருக்கலாம், கேட்க யார் இருக்கிறார்கள் என்றார். மதுக்கடையில் அவர் வாசிக்கும்போது எல்லாரும் டிவியில் பந்தாட்டம் பார்க்கிறார்களாம். கல்யாண வீட்டிலும் அப்படித்தானாம். பாட்டும் வேண்டாம், பந்தலும் வேண்டாம், அங்கேயே பத்து நிமிஷத்தில் பதிவு செய்துவிடலாம் என்றார்.

பேச்சி அதைத் தமிழில் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

சுடலையாண்டிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அவருடைய வார்த்தையைச் சம்பந்தி வந்து உட்கார்ந்ததுமே சொல்லி முடித்துவிட்டார். மகளிடம் சொன்னால் அவள் டோனலிடம் சொல்வாள், அது ஐந்தாவது வார்த்தையாகிவிடும். மற்ற மூவரையும் பார்த்தார். அவர்களிடமும் மிச்சம் இல்லை. மந்திரமூர்த்தி வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

கடைசியில் சுடலையாண்டி எழுந்து போய் வயலின் பெட்டியை எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கி டோனலின் மடியில் வைத்தார். வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

டோனல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

அது மெதுவான பாட்டு. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுகிற மாதிரி. நாலு பேரும் இமைக்கவில்லை. சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்கும்போது சுடலையாண்டி இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து போய்ப் பழத்தட்டைக் கொண்டுவந்தார். துண்டை எடுத்தார். வெற்றிலையின் மேல் நாலு வெள்ளிக் காதுகள் மின்னின.

டோனல் பேச்சியைப் பார்த்தார். அன்று முழுவதும் எதையாவது சேர்த்தோ மாற்றியோ சொல்லிக்கொண்டிருந்த பேச்சிக்கு, இந்த ஒரு தடவை அதற்கு வேலையில்லாமல் போயிற்று. உள்ளதை அப்படியே சொன்னாள்: "இவங்க உங்களுக்குக் காது கொடுத்திருக்காங்க."

டோனல் ஒரு காதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக வாசிக்கிறேன், ஒருவர்கூடக் கொடுத்ததில்லை, இங்கே ஒரே பாட்டுக்கு நாலு என்றார். தாடி நனைந்துவிட்டது. தை மாதம், இந்த முற்றத்திலேயே கல்யாணம், நானே வாசிக்கிறேன் என்றார்.

சுடலையாண்டியின் மனைவி சொர்ணம் உடனே இலை போட்டாள். டோனல் இலையில் ரசம் தெருப்பக்கம் ஓடியதால், எல்லாருக்குமே தட்டில் மாற்றி வைத்தாள். டோனல், சுடலையாண்டி, இசக்கி, சங்கிலிபூதம், மந்திரமூர்த்தி என்று வரிசையாக உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருந்தார்கள். நிச்சயத்துக்கும் இன்றே நல்ல நாளாக இருப்பது சொர்ணத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்புறம் என்ன, சட்டுன்னு தட்டை மாத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, தாம்பாளம் எடுக்க அடுக்களைக்குள் போனாள்.

சுடலையாண்டி மென்று குவித்த முருங்கைக்காய்ச் சக்கையோடு தன் தட்டை டோனலிடம் தள்ளிவிட்டு, அவருடைய தட்டை எடுத்துக்கொண்டார். டோனல் ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சொர்ணம் பொதுவாகத்தானே சொன்னாள் என்று இசக்கி சுடலையாண்டியோடு மாற்றிக்கொண்டார். சங்கிலிபூதம் இசக்கியோடு மாற்றினார். மந்திரமூர்த்தி சங்கிலிபூதத்தோடு மாற்றினார். இப்படியாக டோனலின் தட்டு மந்திரமூர்த்தியிடம் வந்து சேர்ந்தது. அவர் அதிலிருந்த அப்பளத்தைத் தின்றும்விட்டார்.

சங்கிலிபூதம் கையை உதறிவிட்டு வரிசையைப் பார்த்தார். "சம்பந்தி தட்டு மந்திரமூர்த்திகிட்ட இருக்கு. அப்போ பொண்ணுக்குத் தகப்பன் அவருல்லா?"

சுடலையாண்டி பதறிப்போனார். "மக எனக்குப் பிறந்தவ வே."

"பிறந்ததை யாரு இல்லைன்னா? ஆதாரம் என்ன, அதைச் சொல்லும்."

சுடலையாண்டியின் கையில் காகிதம் எதுவும் இல்லை. அக்காளும் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் மந்திரமூர்த்தியின் கையைப் பிடித்து, பிள்ளையை நல்லபடியாகக் கரையேற்றச் சொன்னார். மந்திரமூர்த்தி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வெகு நேரம் யோசித்தார். பிறகு அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டித் தணிந்த குரலில் கேட்டார்:

"அப்படின்னா சொர்ணம் எனக்கு என்ன முறை வேணும், அண்ணாச்சி?"

நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு இந்தக் கேள்வியை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே, சொர்ணம் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். டோனல் அதுவும் நிச்சயதார்த்தத்தில் ஒரு சடங்கு என்று நினைத்து, அவசரமாகக் கையைக் கழுவிவிட்டு வயலினை எடுத்தார். இந்தத் தடவை வாசித்தது வேகமான பாட்டு. முற்றத்தைச் சுற்றி மந்திரமூர்த்தி ஓடிய ஓட்டத்துக்கு அது தாளம் தப்பாமல் பொருந்தியது.